கணக்கு மாஸ்ரரைத் தெரியாது என்றவர்

கலியாண வீடென்றும் பாராமல் சொல்லிவிடுவார். அதுதான் அவரோடு எங்களுக்கு இருந்த பெரிய கரைச்சல். மாப்பிள்ளையின் சித்தப்பா லண்டனிலிருந்து வந்து, கோட்டும் சூட்டுமாய் வியர்த்துக்கொண்டு, ஒரு கையில் பற்றிஸும் மறுகையில் சோடாவுமாய் நிற்பார். இவர் பக்கத்தில் போய் நின்று, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று முறையாக விசாரிப்பார். தன்னைப் பற்றிச் சொல்லும் முறை வரும்போது, "நான் வான் ஓடுறனான். ஒருத்தனைத் தெரியாதெண்டு மறுதலிச்சவன்" என்பார். ஏதோ கந்தோரில் தன் பதவியைச் சொல்வதுபோலச் சொல்வார். லண்டன்காரர் வாயில் வைத்த பற்றிஸை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் முழிப்பார்.

எங்கள் சபையில் பாதிப்பேர் அவரைக் கண்டால் மற்றப் பக்கத்தால் சுற்றிப் போவார்கள். நான் எல்லாரையும்விடக் கொஞ்சம் கூடத் தூரம் சுற்றுவேன்.

மறுதலித்தல் என்பது எங்கள் வேதப்புத்தகச் சொல், ஆண்டவரைப் பிடித்துப்போன இரவில் மூத்த சீஷன் பேதுரு அவரைத் தெரியாது என்று சொன்னதற்கு. சைவக்காரருக்கு அது சட்டென்று பிடிபடாது. கோப்பாய்ச் சந்தியில் ஒரு கடை முதலாளி, "என்னத்தை மறுதலிச்சனீர், சீதனத்தையோ? நல்ல காரியம்தானே" என்று கேட்டுச் சிரித்தாராம். அவரிடமும் ஆறுதலாக இருந்து முழுக்கதையையும் சொல்லிவிட்டுத்தான் வெங்காயம் வாங்கினார். அதற்குப் பிறகு அந்த முதலாளி இவரைக் கண்டால் சிரிப்பதில்லை. எழும்பி நின்றுதான் சாமான் நிறுத்துக் கொடுப்பார்.

கதை நீளமில்லை. சண்டைக் காலத்தில் ஒருநாள் காலை. வடமராட்சிக்குப் போகிற வெளியில் ஆமிக்காரர் மறிக்கிற ஒரு சென்ரி. வானுக்குள் அவரும் கணக்குப் படிப்பிக்கிற ஒரு இளம் மாஸ்ரரும். மாஸ்ரரை இறக்கி, இவனைத் தெரியுமா என்று இவரிடம் கேட்டார்கள். மூன்று வருஷமாக ஒவ்வொரு நாளும் ஏற்றி இறக்கிய பொடியனை, தெரியாது, வழியில் மறித்து ஏறினவன் என்று இவர் சொன்னார். மாஸ்ரர் திரும்பி வரவில்லை. இவ்வளவும்தான். எந்த இடத்தில் சொன்னாலும் ஒரு சொல் மாறாது. தான் பயந்துவிட்டேன், பிள்ளைகுட்டிக்காரன், வேறு வழியில்லை என்று தனக்குச் சாதகமாக ஒரு வசனம் சேர்த்துச் சொன்னதை ஒருவரும் கேட்டதில்லை.

ஒரே ஒரு இடம் மட்டும் பொய். வானுக்குள் அவரும் மாஸ்ரரும் மட்டும் இருக்கவில்லை. நானும் இருந்தேன்.

அவருடைய வானைப் பற்றிச் சொல்லாமல் அவரைச் சொல்லமுடியாது. வட்டுக்கோட்டையிலிருந்து உடுப்பிட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு, அங்கே படிப்பித்த எங்களை ஏற்றி இறக்கிய பழைய வான். சண்டை முடிந்தபிறகு அவருக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. யார் வானை மறித்தாலும், ஒருவரும் ஒன்றும் கேட்க முன்னமே கண்ணாடியை இறக்கி, "இவை எல்லாரும் எனக்குத் தெரிஞ்ச ஆக்கள்" என்பார். சென்ரிகள் எல்லாம் எழும்பிப் போனபிறகும் அது விடவில்லை. லைசென்ஸ் பார்க்க மறிக்கும் ட்ராஃபிக் பொலிஸுக்கும் அதேதான். அந்தப் பொலிஸ்காரன் தலையைச் சொறிந்துகொண்டு, அதை நான் கேட்கவில்லையே என்பான்.

ஒருமுறை வழியில் கைகாட்டிய யாரோ ஒருவனை ஏற்றினார். மடியில் ஒரு சாக்கு. பொலிஸ் மறித்தபோது, "இவர் எனக்கு நல்லாத் தெரிஞ்சவர்" என்று இவர் முந்திக்கொண்டு சொன்னார். சாக்குக்குள் யாரோ ஒரு தோட்டக்காரனின் தண்ணீர் இறைக்கிற மோட்டர் இருந்தது. அன்று பின்னேரம் வரைக்கும் இவரும் பொலிஸில் இருந்தார். போதகர் போய் எடுத்துச் சொல்லித்தான் விட்டார்கள். அவருடைய மனைவி வாசலில் நின்று கிழி கிழியென்று கிழித்தார். ஊர் பேர் தெரியாத கள்ளனுக்குச் சாட்சி சொல்ல உமக்கென்ன விசரோ என்று கேட்டார். இவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "கள்ளனெண்டாலும் ஒருத்தர் தெரியுமெண்டு சொல்லவேணுமப்பா" என்றாராம். மனைவி தேத்தண்ணி வைக்கப் போய்விட்டார்.

ஊருக்குத்தான் இப்படி. சபைக்குள் இன்னும் மோசம். எங்கள் வீட்டுக்கூட்டங்களில் சாட்சி சொல்லும் நேரம் என்று ஒன்று உண்டு. எழும்பி நின்று ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்லவேண்டும். மகனுக்குக் கனடா விசா கிடைத்தது, முழங்கால் நோ விட்டது, இப்படித்தான் போகும். அதற்குள் இவர் எழும்பி, தான் மறுதலித்த கதையைச் சொல்லிவிட்டு உட்காருவார். விசாச் சாட்சி சொன்ன அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு பாட்டுப்புத்தகத்தைப் புரட்டுவார். நாலைந்து தரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, போதகர் அவரைத் தனியே கூப்பிட்டார். ஆண்டவர் மன்னித்தாயிற்று, இனி அதைத் திரும்பத் திரும்பக் கிளறத் தேவையில்லை என்று பக்குவமாகச் சொன்னார்.

"ஐயா, பேதுரு அந்த முற்றத்திலை நெருப்புக் காய்ஞ்சுகொண்டு தெரியாதெண்டு சொல்லேக்கை, எங்கடை ஆக்கள் வேறை ஆர் அங்கை நிண்டது? ஒருத்தரும் இல்லை. எல்லாரும் ஓடிட்டினம். அப்ப உதை ஆர் போய் மாற்கிட்டைச் சொன்னது?"

இந்த விதையைப் போட்டவரே போதகர்தான். முதல் வருஷ வேதப்பாடத்தில், நாலு சுவிசேஷத்திலும் மாற்கு எழுதியதுதான் முந்தியது, சின்னது என்று சொல்லியிருந்தார். பேதுரு வயதுபோன காலத்தில் அந்நிய பட்டணத்தில் சொல்லச் சொல்ல மாற்கு கேட்டு எழுதினார் என்பது பழைய ஆட்கள் வழிவழியாகச் சொன்ன கதை என்றும், கேட்ட சனங்களும் அந்த நாட்களில் பிடித்துக்கொண்டு போவார்களோ என்று பயந்து ஒளித்திருந்த சனங்கள்தான் என்றும் விளக்கினார். நாங்கள் எல்லோரும் கேட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிட்டோம். இவர் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டார். பயந்து ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்த சனத்துக்கு நடுவில் எழும்பி நின்று, மூத்த சீஷன் தன் வாயாலேயே, நானும் தெரியாதென்றவன்தான் என்று சொல்லியிருக்கிறார். அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தக் கதையே இல்லை. இதுதான் இவருடைய கணக்கு.

லெந்து நோன்புக் காலத்தில் ஒருமுறை கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. எங்கள் வழக்கம், அன்றைய பகுதியை ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிப்பது. எங்கள் ஆட்களின் கள்ளம் ஒன்றைச் சொல்லவேண்டும். ஒருவரும் மற்றவர் வாசிப்பதைக் கேட்பதில்லை. தலைகளை எண்ணி, தனக்கு எந்த வசனம் வருகிறது என்று விரலை வைத்துக்கொண்டு அதையே மனத்துக்குள் வாசித்துப் பழகுவோம். நானும் எண்ணினேன். அன்று மாற்கில், பேதுரு முற்றத்தில் இருக்கிற இடம். எனக்குப் பக்கத்தில் அவர். என் விரல் போய் நின்றது, அந்த மனுஷனை அறியேன் என்று பேதுரு சொல்கிற வசனத்தில். என் முறைக்கு இன்னும் இரண்டு பேர் இருக்கும்போது நான் எழும்பி, கேத்தில் கொதிக்கிறது என்று குசினிக்குள் போய்விட்டேன். கேத்தில் அடுப்பில் வைத்திருக்கவேயில்லை. உள்ளே நின்று கேட்டேன். என்னுடைய முறை வந்தது. அவர் என் வசனத்தையும் வாசித்து, தன் வசனத்தையும் வாசித்தார்.

நினைக்க இப்போதும் கூசுகிறது. என் வீடு, என் கூட்டம், என் பங்கு. அதையும் அவர்தான் சுமந்தார்.

அவர் சொல்லாமல் விட்டதை இனி நான்தான் சொல்லவேண்டும். முதல்நாள் எங்கேயோ குண்டு வெடித்திருந்தது. வழக்கமாக வருகிற மற்ற ஆசிரியைகள் வீட்டில் நின்றுவிட்டார்கள். எனக்கு லீவு முடிந்திருந்தது, அதோடு கொஞ்சம் வீம்பும். நான் வட்டுக்கோட்டையில் ஏறினேன், மாஸ்ரர் கோப்பாயில் ஏறினார். தலை ஈரமாய், நெற்றியில் விபூதி. எனக்குக் கூட்டல் சரியாக வராது. நான் தமிழும் கிறிஸ்தவமும் படிப்பித்தேன். தவணை முடிவில் என் வகுப்புப் புள்ளிகளைக் கூட்டித் தருவது அவர்தான். அன்றும் எனக்குப் பின்சீற்றில் இருந்தபடி புள்ளிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். சென்ரியில் இறங்கு என்றபோது, அந்தப் பட்டியலை மடித்து, என் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கினார்.

அவருடைய அடையாள அட்டையை ஒரு துண்டுக் கடதாசியோடு ஒத்துப் பார்த்தார்கள். பிறகு ஒருவன் யன்னலடிக்கு வந்தான். முதலில் கேட்டது வான் ஓடின அண்ணையிடம் அல்ல, என்னிடம். இவரைத் தெரியுமா என்று உடைந்த தமிழில், மரியாதையாகத்தான் கேட்டான். தெரியாது என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். வாய் தானாக ஒன்றும் சொல்லாது. நான்தான் சொன்னேன். அதன்பிறகுதான் அவன் அண்ணையிடம் போனான். நான் தெரியாது என்றபின் அவர் தெரியும் என்றால் என்னையும் இறக்கியிருப்பார்கள். அவர் ஒருதரம் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அவரும் தெரியாது என்றார், வழியில் மறித்து ஏறினவர் என்றார்.

லைசென்ஸோடு அண்ணையைச் சென்ரிக்குள் கூட்டிப் போனார்கள். அந்த இடைவெளியில் மாஸ்ரரை என் யன்னலுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தி, இவவை உனக்குத் தெரியுமா என்றார்கள். அவர் என் முகத்தைப் பார்த்தார். "இல்லை. அவவுக்கும் என்னைத் தெரியாது, டிரைவருக்கும் தெரியாது. நான்தான் மறிச்சு ஏறினனான். அவையளை விடுங்கோ" என்றார். குரல் நடுங்கவில்லை. வகுப்பில் கணக்கு விளங்கப்படுத்துவதுபோல நிதானமாகச் சொன்னார். அவரை அந்தப் பக்கமாகக் கொண்டுபோனார்கள். எங்களை விட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அன்று எனக்கு முதலாம் பாடம் இருந்தது. போய்ப் படிப்பித்தேன்.

அதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. பிறகு கலியாணம் செய்தேன், கட்டினவரிடமும் சொல்லவில்லை. அண்ணை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தபோதும் என் பெயரை எடுக்கவில்லை. ஒரே ஒருநாள், எங்கள் சபைக் கோயில் வாசலில் மற்றவர்கள் இறங்கிப் போனபிறகு, ஸ்ரேறிங்கில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ரீச்சர், நான் உள்ளை போனாப்பிறகு அவன் ஏதும் சொன்னவனோ?"

"ஒண்டும் சொல்லேல்லை, அண்ணை."

"திட்டினவனோ? திட்டியிருந்தாலும் பரவாயில்லை, சொல்லுங்கோ."

"நான் அந்தப் பக்கம் பாக்கேல்லை."

ஏன் அப்படிச் சொன்னேன்? சொல்லியிருந்தால் அந்த மனிதனுக்கு எவ்வளவு பாரம் இறங்கியிருக்கும். தான் கைவிட்ட பொடியன் தன்னைச் சபித்துக்கொண்டு போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டிருந்தவர் அவர். எனக்கு அது தெரியும். ஆனால் சொன்னால், "உதை அந்தப் பொடியன்ரை தாயிட்டைப் போய்ச் சொல்லுங்கோ" என்பார். தாயிடம் சொன்னால் விசாரணை, கையெழுத்து, வீட்டில் கேள்வி, சபையில் கதை. எனக்கு உத்தியோகம் இருந்தது, பெயர் இருந்தது. ஒரு மனிதனின் நித்திரையைவிட என் பெயர் எனக்குப் பெரிதாக இருந்தது. இதை வேறுவிதமாக அழகாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அந்த வருஷம் உயிர்த்தெழுந்த ஞாயிறுக்குப் பின் நடந்த பாடத்தில் போதகர், மாற்கின் பழைய பிரதிகள் கல்லறைக்குப் போன பெண்கள் பயந்து ஓடி, ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் இருந்ததோடு முடிந்துவிடுகின்றன என்றார். எல்லாருக்கும் அது பெரிய ஏமாற்றம். இப்படியும் ஒரு முடிவோ என்றார்கள். இவர் மட்டும், "சொல்லேல்லையெண்டால் எங்களுக்கு எப்பிடித் தெரியும்? ஒருநாள் ஆரோ ஒருத்தி வாய் திறந்திருக்கிறாள்" என்றார். சொல்லும்போது என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், அது எனக்கு வசதியாகவும் இருந்திருக்கும்.

பிறகு காணாமற்போனவர்களைப் பற்றி ஒரு விசாரணை வைத்தார்கள். மாஸ்ரரின் தாய் கோப்பாயில் தோட்டம் செய்கிற அம்மா. வருஷக்கணக்காக எல்லாக் கதவும் தட்டினவர். அவருக்கு முதல் ஆளாகப் போய்த் தன் குற்றத்தைச் சொன்னவரும் இவர்தான். அந்த அம்மா அன்று மண்ணை அள்ளித் திட்டினாராம். இவர் நின்று வாங்கிக்கொண்டு, அடுத்த கிழமையும் போனாராம். பிறகு அவரை எல்லா விசாரணைக்கும் தன் வானில் கூட்டிப்போவதும் இவர்தான் என்றாகிவிட்டது. சாட்சியும் சொன்னார். வேறு யாரும் வானில் இருந்தார்களா, இரண்டாவது சாட்சி இருந்தால் முறைப்பாடு நிற்கும் என்று கேட்டிருக்கிறார்கள். அங்கே மட்டும் இவர், ஓராள் இருந்தது உண்மை, அவரே வந்து சொல்வார், பெயரை நான் சொல்லமாட்டேன் என்றாராம்.

அந்த அம்மா என்னிடம் வந்தார். ஒரு பையில் கத்தரிக்காயும் கொண்டுவந்தார். அந்த நாளில் நீங்களும் அந்த வானில்தானே போய்வந்தனீங்கள், அன்றைக்கு வேறு யார் இருந்திருப்பார்கள், பிள்ளைக்குத் தெரியுமோ என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாது, அம்மா" என்றேன்.

அவர் சரி என்று சொல்லி எழும்பிப் போனார். கத்தரிக்காயை வைத்துவிட்டுத்தான் போனார். அதைச் சமைக்கவும் மனமில்லை, எறியவும் மனமில்லை. பழுதாகும்வரை குசினியில் கிடந்தது.

போன வருஷம் அண்ணைக்கு நெஞ்சு வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரிக்கு எல்லாரும் போய்ப் பார்த்தார்கள். நான் இன்றைக்கு நாளைக்கு என்று கடத்தினேன். நாலாம் நாள் செத்தவீட்டு மணி அடித்தது.

செத்தவீட்டுக்குப் போனேன். போகாமல் விட்டால் சனம் கதைக்கும் என்றுதான் வெளிக்கிட்டேன், அதுவும் உண்மை. பந்தலுக்குள் கதிரைகள் நிறைந்திருந்தன. அவரைக் கண்டு சுற்றிப் போன சபை முழுக்க அன்று வந்து, நல்ல மனிசன் என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஓரத்தில் இடம் கண்டு இருந்தேன். பக்கத்தில் இருந்தவர் மாஸ்ரரின் தாய். நெற்றியில் விபூதியோடு, எங்கள் பாட்டுகளுக்கு நடுவில், தனியாக இருந்தார். எழும்பலாம் என்று பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசியா நான் ஆஸ்பத்திரிக்குப் போகேக்கையும் உதைத்தான் கேட்டவர், பிள்ளை. உங்கடை மகன் என்னைத் திட்டிக்கொண்டோ போயிருப்பான் எண்டு. என்ரை பிள்ளை அப்பிடித் திட்டுறவனில்லை எண்டு சொன்னன். நான் தாயெல்லோ, அப்பிடித்தான் சொல்லுவன் எண்டு நினைச்சிருப்பார்."

அந்தக் கை தோட்டம் கொத்தின கை. சொரசொரவென்றிருந்தது. நான் சொன்னேன். அழுதுகொண்டு சொல்லவில்லை, மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்கிறதோ என்று அந்த நேரத்திலும் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். வானில் இருந்த மற்ற ஆள் நான்தான் என்றேன். முதலில் தெரியாது என்றது நான்தான், அண்ணை எனக்காகத்தான் பிறகு சொன்னார் என்றேன். அவர் மகன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்ன சொன்னார் என்பதையும் சொன்னேன்.

அவர் கையை எடுக்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார். அவையளை விடுங்கோ என்ற இடம் வரைக்கும் திரும்பச் சொன்னேன். குரல் நடுங்கினதோ என்று கேட்டார். இல்லை என்றேன். தலையை ஆட்டினார். சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

நான் வந்து சாட்சி சொல்கிறேன், கையெழுத்தும் வைக்கிறேன், எங்கே என்றாலும் வருகிறேன் என்றேன்.

உள்ளே யாரோ, பெட்டி மூடப் போகிறோம், முகம் பார்க்கிற ஆட்கள் வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். சனம் எழும்பியது. அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

"எனக்குச் சொல்லிப்போட்டியள், சரி" என்றார். "உதை அந்த மனுசனுக்கெல்லோ சொல்லியிருக்கவேணும், பிள்ளை."